படுத்தே இருந்தா எத்தனை கலோரி எரியும்? டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன்

"உனக்கு மெட்டபாலிசம் (உடம்பு கலோரி எரிக்கற வேகம்) ஸ்லோ, அதான் வெயிட் இறங்க மாட்டேங்குது"ன்னு வீட்லயும் ஜிம்லயும் சொல்லிச் சொல்லி எனக்கே அது மனசுல ஊறிப் போச்சு. டாக்டர் முதல்ல தைராய்டு பார்த்தாங்க, அந்த ஹார்மோன் குறைஞ்சா சும்மா இருக்கறப்ப எரியற கலோரியும் குறையுமாம். ரிப்போர்ட் நார்மல். சரி, ஓய்வுல எவ்ளோ கலோரி எரியுதுன்னு நேரா அளந்தே பார்த்துடலாம்னு 'இண்டைரக்ட் கலோரிமெட்ரி'ங்கற டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தாங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் தண்ணிதான், காலைல காபி கூடாது, காபி குடிச்சா ரீடிங் ஏறிடும், முந்தின நாள் ஜிம்மும் கட். போனதும் அரைமணி நேரம் சும்மா படுக்க வச்சாங்க, அப்புறம் பலகாரத் தட்டு மேல கவுத்து வைக்கற மூடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடிய தலைக்கு மேல வச்சு கழுத்தைச் சுத்தி ஷீட்டை செருகிட்டாங்க, அதுலேர்ந்து ஒரு குழாய் மெஷினுக்குப் போகுது. நாம எவ்ளோ ஆக்சிஜன் எடுக்கறோம், எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு விடறோம்னு மெஷின் பார்க்கும், அத 1949ல வெயர்ங்கறவர் குடுத்த ஃபார்முலால போட்டு கலோரியா மாத்தறாங்க. தூங்கவும் கூடாது, பேசவும் கூடாது. முதல் அஞ்சு நிமிஷ ரீடிங்க விட்டுடறாங்க, அப்ப மூச்சு ஒரு நிலைக்கு வந்திருக்காது.

எனக்கு வந்தது ஒரு நாளைக்கு 1240 கலோரி. என் வயசு 42, உயரம் 155 செ.மீ, எடை 68 கிலோ, இத வச்சு ஓய்வுல எரியற கலோரிய உத்தேசமா சொல்ற, 1990ல வந்த மிஃப்லின் ஃபார்முலால (பெண்களுக்கானது) போட்டா 1278 வரும். பத்து சதவீதம் முன்னப்பின்ன இருந்தா நார்மல்தானாம். ஸ்லோவும் இல்ல ஒண்ணும் இல்ல, இத்தனை வருஷமா கேட்ட பேச்சுக்கு அந்த பேப்பரைப் பார்த்ததும் அவ்ளோ நிம்மதி.

அதுக்கப்புறம் டயட்டீஷியன் மேடம் பொறுமையா உக்காந்து சொன்னதுதான் முக்கியம். ஒரு கிலோ தசை ஓய்வுல ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 கலோரி எரிக்கும், கொழுப்பு நாலரை. ஆனா கல்லீரல் கிலோவுக்கு 200, மூளை 240, இதயமும் கிட்னியும் தலா 440! இந்த நாலு உறுப்பும் சேர்ந்து உடம்பு எடைல ஆறு சதவீதம் கூட வராது, ஓய்வுல எரியறதுல பாதிக்கு மேல அதுங்கதான். அதனால ரெண்டு கிலோ மசில் ஏத்தினா தூங்கறப்பவே கொழுப்பு கரைஞ்சு ஓடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கணக்கு 26 கலோரிதான் வருது. வெயிட் தூக்கறது வேணும், உடம்பு இளைக்கறப்ப தசை கரையாம இருக்க, எலும்புக்கு, சர்க்கரை கட்டுப்பட. வயசைப் பத்தியும் கேட்டேன். 2021ல சயின்ஸ் இதழ்ல வந்த பெரிய ஆய்வுல, உடம்போட அளவையும் தசையையும் கணக்குல எடுத்துப் பார்த்தா 20 வயசுலேர்ந்து 60 வரைக்கும் மெட்டபாலிசம் பெருசா மாறலையாம்.

இப்ப என் சாப்பாட்டுக் கணக்கு 1240ஐ வச்சுதான். எடை குறையக் குறைய இதுவும் குறையும், அதனால திரும்ப அளக்கணும்னு சொல்லியிருக்காங்க. டெஸ்ட்டுக்குப் போறவங்க ஏசி ரூம்ல குளிருச்சுன்னா கூச்சப்படாம போர்வை கேட்டு வாங்கிக்கோங்க, நடுக்கம் வந்தாலே ரீடிங் ஏறிடும்.