உசிலை ஒருவழியாக உதிராமல் நின்றது

நாலாவது தடவை. இன்று காலை, கிளைகளைப் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸின் வாரை அவிழ்த்தபோது உசிலை மரக் கிளையில் இலை இலையாகவே இருந்தது. என்னோடு சேர்ந்து மரங்களின் மாதிரி சேகரிக்கிற சாருக்குப் போட்டோ அனுப்பினேன். "தும்மிப் பாத்தியா தம்பி?" என்று பதில் வந்தது.

கேட்பதில் நியாயம் உண்டு. முந்தின மூன்று முறையும், நார்த்தாமலைப் பக்கம் அவர் வெயிலில் அலைந்து பூவோடு ஒடித்துத் தந்த கிளை என் கையில் வெறும் ஈர்க்குச்சி ஆனது. நியூஸ்பேப்பரைப் பிரித்தால் சீரகம் கொட்டினாற்போலச் சிற்றிலைகள். வாரின் இறுக்கம், பேப்பர் மாற்றும் நேரம் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் என்று சொல்லி ஒரு கடையில் சார்ட் பேப்பரைத் தலையில் கட்டியிருந்தார்கள். சொட்டு ஈரம் குடிக்காது. அதையும் சேர்த்துத் திட்டினேன்.

தப்பு அங்கே இல்லை என்று சார்தான் பிடித்தார். ஒடித்த கிளை உடனே சாவதில்லை. பேப்பருக்குள் மெல்ல வாடும்போது, வறட்சியில் மரம் இலை கழிக்கிற அதே வேலையைப் பார்க்கிறது: காம்படியில் ஒரு படலம் உண்டாக்கித் தானே உதிர்த்துவிடுகிறது. அதற்கு நேரம் கொடுக்கக் கூடாது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு.

ஒரு முக்கு என்றால் எவ்வளவு? துண்டுக் கிளைகளை வைத்து ஐந்து, பத்து, இருபது எண்ணிப் பார்த்தேன். ஐந்தில் பாதி கொட்டியது. இருபதில் துவண்டு ஒன்றோடொன்று அப்பிக்கொண்டது. பத்துதான் சரி. அதுவும் காலையில், இலை விரிந்திருக்கும்போதே, சாயங்காலம் கூம்பிவிடும். பூங்கொத்தை மட்டும் கிள்ளித் தனியாக வைத்தேன். பாத்திரத்தில் லேசாக நுரை. அரப்புத்தூள் இந்த இலைதானே! அம்மா எட்டிப் பார்த்து, "கீழ கொட்டிராத, தலைக்கு ஆகும்" என்றார்.

சாருக்குத் தாவரவியலாளர் கேம்பிள் மேல் பித்து. சென்னை மாகாணத் தாவர நூலை 1915இல் வெளியிடத் தொடங்கி, ஏழு பகுதிகளோடு 1925இல் கேம்பிள் இறந்துபோக, மிச்ச நாலையும் ஃபிஷர் எழுதி 1936இல் முடித்தார். "எனக்கு நீதான்யா ஃபிஷர்" என்பார். இருவரும் சேர்ந்து இதுவரை 38 மரம்தான் தேற்றியிருக்கிறோம். இந்த லட்சணத்தில் ஃபிஷராம்.

உசிலையை இன்னும் தாளில் ஒட்டவில்லை, லேபிள் எழுதவில்லை. காய்க்குத் தை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சார் புளியங்கொம்போடு பஸ் ஏறிவிட்டாராம். அதுவும் கொட்டுகிற சாதிதான். அடுப்பில் தண்ணீர் வைக்கணும்.