ஹெக்ராவில் ஒரு கல்லறைப் பத்திரம்

சவூதிக்கு வந்து ஆறு வருஷமாகியும் அல்உலா பார்க்கவில்லை என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் நம்புவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைப்பது, பிரியாணி, தூக்கம். இவ்வளவுதான். போன ஜனவரியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தது. நானும் கூட வேலை பார்க்கும் கீழக்கரைக் காக்காவும் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவருடைய பழைய கேம்ரி காரில் யான்புவிலிருந்து கிளம்பிவிட்டோம்.

பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போனது என் முட்டாள்தனம். விடிகாலையில் அல்உலாவில் பல் கிட்டியது. காக்கா தன் சால்வையைத் தூக்கிக் கொடுத்து, "வெயில்லயே வளர்ந்த புள்ள, பாவம்" என்றார். கீழக்கரையில் மட்டும் என்ன பனியா கொட்டுகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. சால்வைக்காக விட்டுவிட்டேன்.

அல்உலா பக்கத்தில் பாறையில் குடைந்த பழங்காலக் கல்லறைகள் இருக்கும் இடம்தான் ஹெக்ரா. அதற்குள் சொந்தக் காரில் போக முடியாது. டிக்கெட் எடுத்தால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வோர் இடமாக இறக்கிவிடுகிறார்கள். கூடவே கதை சொல்ல ஒரு ராவி. எங்களுக்கு வந்தது அல்உலாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண். பஸ் நின்றதும் காக்கா எழுந்திருக்கவில்லை. "நீங்க பார்த்துட்டு வாங்க தம்பி, நான் இங்கேயே இருக்கேன்" என்று தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டார்.

அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. இந்த இடத்துக்கு மதாயின் ஸாலிஹ் என்றும் பெயர். ஸாலிஹ் நபியின் சொல்லைக் கேட்காமல் ஒட்டகத்தைக் கொன்று அழிந்துபோன ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த மண் என்பது குர்ஆன் வழி வந்த நம்பிக்கை. 630இல் தபூக் போகும் வழியில் இங்கே வந்தபோது, அழுதுகொண்டே தவிர உள்ளே நுழையாதீர்கள் என்று நபிகள் நாயகம் தோழர்களிடம் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. அதனால் அரபிகளே நெடுங்காலம் இந்தப் பக்கம் அதிகம் வரமாட்டார்களாம். 2008இல் சவூதியின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த இடம் இது என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

தொல்லியல் சொல்வது வேறு. ஸமூது என்ற பெயர் கி.மு. 8ஆம் நூற்றாண்டு அசீரியக் கல்வெட்டிலேயே வருகிறது. இன்று நம் கண்ணுக்குத் தெரியும் கல்லறைகளோ அதற்குப் பல நூற்றாண்டு கழித்து நபத்தேயர்கள் குடைந்தவை. ஜோர்டானில் பெட்ராவைக் குடைந்தார்களே, அதே ஆட்கள். தெற்கு அரேபியாவின் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டகத்தில் ஏறி வடக்கே போன வழியில் ஹெக்ரா ஒரு பெரிய தங்கல். நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் இங்கே உண்டு. பாலையில் தண்ணீர் கையில் இருப்பவன் வைத்ததுதானே சட்டம்? 106இல் ரோமர்கள் வந்து ராஜ்யத்தை விழுங்கும்வரை அந்தப் பிழைப்பு நன்றாகவே ஓடியிருக்கிறது.

அவர்கள் குடியிருந்த ஊர் மண்கட்டி வீடுகள். அது கரைந்து மணலுக்கடியில் கிடக்கிறது. நிற்பதெல்லாம் செத்தவர்களுக்கான வீடுகள். மொத்தம் 111, அதில் 94க்கு வேலைப்பாடான முகப்பு. ஜபல் அல்பனாத் பாறையைச் சுற்றி நடந்தால் தெருவில் நடப்பதுபோலவே இருக்கிறது. வாசல், வாசலுக்கு மேல் சிறகு விரித்த கழுகு (தலையை யாரோ எப்போதோ உடைத்துவிட்டார்கள்), உச்சியில் இரண்டு பக்கமும் ஏறும் படிக்கட்டு வடிவம். இத்தனை ஆடம்பரத்துக்கும் உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு வெற்று அறை, சுவரில் பிணம் வைக்கும் மாடங்கள். அவ்வளவுதான்.

எப்படிச் செதுக்கினார்கள் என்பதற்கு விடை கஸ்ர் அல்ஃபரீத். தன்னந்தனியாக நிற்கும் ஒரே பாறையில் நாலு மாடி உயரத்துக்கும் மேலாக முகப்பு. எல்லோரும் எட்ட நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் போய்க் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மேலே வழவழவென்று இருக்கும் கல், கீழே வரவர உளி கொத்திய தழும்போடு கரடுமுரடாகிவிடுகிறது. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியபடி செதுக்கியிருக்கிறார்கள். பாதியில் வேலை நின்றுபோயிருக்கிறது. சாரம் கட்டத் தேவையில்லை, மேலேயிருந்து விழும் சில்லு முடித்த வேலையைக் கெடுப்பதில்லை. காரணம் கேட்டபோது எனக்குள் இருக்கும் சைட் சூப்பர்வைசர் தலையாட்டினான்.

ஆனால் நான் எழுத வந்தது இதையல்ல. பல வாசல்களுக்கு மேல் ஒரு சதுரப் பலகைபோல் செதுக்கி அதில் எழுத்து. சாமி பெயரோ இறந்தவர் புகழோ இருக்கும் என்று நினைத்தேன். ராவி படித்துச் சொன்னதைக் கேட்டால் அசல் பத்திரம்!

கம்கம் என்றொரு பெண். அவளும் மகள் குலைபத்தும் தங்களுக்கும் சந்ததிக்குமாகக் கட்டிய கல்லறை. தேதி, நபத்தேய அரசன் ஹாரிதத்தின் 9ஆம் ஆட்சியாண்டு. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி. அப்புறம் ஷரத்துகள். இதை விற்பவன், வாங்குபவன், அடமானம் வைப்பவன், தானம் கொடுப்பவன், வேறு ஆளைக் கொண்டுவந்து புதைப்பவன் எல்லோரையும் துஷாரா முதலான தெய்வங்கள் சபிக்கட்டும். சாபம் மட்டும் போதாது என்று அபராதமும் உண்டு: பூசாரிக்கு ஆயிரம் வெள்ளிக்காசு. கடைசியில் ஒரு விலக்கு. கம்கம் கையாலோ மகள் கையாலோ எழுதிய சீட்டு ஒருவனிடம் இருந்தால் அது செல்லும்.

நம் கோயில் கல்வெட்டுகளிலும் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போவான் என்று முடிப்பார்கள். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைத் தகராறில் இன்னமும் கோர்ட் வாசலில் நிற்கும் குடும்பம் எங்களுடையது. கங்கையும் பசுவும் எங்கள் சித்தப்பாவை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆயிரம் காசு ஷரத்தைப் போட்டவளுக்கு உலகம் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. இருந்தும் இங்குள்ள கல்லறைகள் பழங்காலத்திலேயே கொள்ளை போனவை. 2008இல் தோண்டத் தொடங்கிய பிரெஞ்சு-சவூதிக் குழுவுக்கு எலும்பும் துணியும் தோலும்தான் மிச்சம்.

மத்தியானம் ஜபல் இக்மா என்ற மலைக்குப் போனோம். பாறை நெடுக நபத்தேயருக்கும் முந்தைய ததான் ராஜ்யத்து எழுத்துகள், நூற்றுக்கணக்கில். அங்கே காக்காவும் இறங்கி வந்தார், எனக்கு முன்னால் நடந்தார்.

திரும்பும் வழியில் கம்கம் கதையைச் சொன்னேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டே வந்தவர், "புருஷன் பேர் எங்கேயும் போடலையா?" என்றார்.

"இல்லை காக்கா. அவ அப்புறம் மக. அவ்வளவுதான்."

"எங்க ஊர்லயும் வீடு பொம்பளைப் புள்ளைக்குத்தான் தம்பி" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ரெண்டாவது மகளுக்கு இன்னும் தளம் போடலை" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்க பெட்ரோல் பங்கில் வண்டியை ஒடித்தார்.