டிட்டோ போடல சார்

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றித் தரும் ஒரு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்வார்கள். இருவரும் வேறுபடும் இடத்தை மென்பொருள் சிவப்பில் காட்டும். மூலத்தைப் பார்த்து எது சரி என்று தீர்ப்பது என் வேலை. நிலப் பத்திரமோ கப்பல் பயணிகள் பட்டியலோ, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்: இத்தனை எழுத்துக்கு இத்தனை காசு. முதல் உலகப்போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் பட்டியலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாளே ஒரு தொகுப்பைத் திருப்பி அனுப்பினேன். இறந்த தேதிக்கான கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 4-11-1914 என்றே இருந்தது. ஒரு சிவப்புகூட இல்லை. ஒருத்தி மேலே அடித்ததைக் கீழே இழுத்துவிட்டிருக்கிறாள், இன்னொருத்தி அவளைப் பார்த்து அடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தமும் போட்டேன். அவள் பதறவில்லை.

"டிட்டோ போடல சார். ஒவ்வொண்ணாத்தான் அடிச்சேன். நீங்க மூலத்தைப் பாருங்க."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. பக்கத்தைத் திருப்பினால் அடுத்ததிலும் அதே தேதி. மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அந்தத் தேதி என்ன என்று அன்றிரவு தேடிப் படித்தேன். இன்றைய தான்சானியாவில் உள்ள தாங்கா துறைமுகம் அப்போது ஜெர்மனி வசம் இருந்தது. அதைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 8,000 பேரைக் கப்பலேற்றினார்கள். எதிரே இருந்தது சுமார் 1,000 பேர். ஆனால் வந்தவர்களில் பலர் வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்தவர்கள். சில பிரிவுகளுக்குப் புதிய துப்பாக்கி கைக்கு வந்ததே கிளம்புவதற்குச் சற்று முன்புதான். பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் அதில் இருந்தது. புதரும் தோட்டமுமான நிலத்தில் இயந்திரத் துப்பாக்கிக்கு நேரே நடந்திருக்கிறார்கள். சண்டையின் நடுவே கலைந்த தேனீக்கள் கொட்டியதால் அதற்குத் 'தேனீக்களின் போர்' என்று ஒரு பெயரும் உண்டு. தாங்கா என்றதும் இன்று பலர் சொல்வது தேனீக் கதையைத்தான்.

மறுநாளிலிருந்து வேகம் குறைந்தது. இலக்கு எட்டவில்லை என்று மேலாளர் கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த சிக்கல் பெயரில் வந்தது. முத்துசாமியை 'மூட்டூசாமி' என்று படிக்கும்படி எழுதிவைத்திருந்தான் எவனோ ஒரு வெள்ளைக்கார எழுத்தன். நான் தமிழ்ப்பற்றில் ஒரு இருபது பெயர்களைத் திருத்திவிட்டேன். எங்கள் குழுவின் மூத்தவர் பிடித்துவிட்டார்.

"தம்பி, கல்லுல தப்பா வெட்டியிருந்தா தப்பாத்தான் தேடியாகணும். நீ திருத்தினா, கல்லு ஒரு ஆளு, பதிவேடு ஒரு ஆளுன்னு ஆயிடும்."

இருபதையும் பழையபடி பிழையாக மாற்றிவைத்தேன். பிழையாக எழுதப்பட்டாலும் எழுதப்பட்டதே பெரிது என்பது பிறகுதான் புரிந்தது. போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ள 1917இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது அதன் கொள்கை. பிரான்சின் நவ் ஷப்பேல் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலோ இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும், அதில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். ஆப்பிரிக்காவில் இது இன்னும் மோசம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை, சிலர் நினைக்கப்படவே இல்லாமலும் போயிருக்கலாம் என்று அந்த ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

இத்தனைக்கும் பெயர் வெட்டுவது நமக்குப் புதிதில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு கூட நின்று கள்வரைக் கடித்த அவன் நாயின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர்.

என்னோடு இரவுப் பணியில் இருந்த ஒருவன் பிரச்சினையே வேறு. அவன் பாட்டியின் பெரியப்பா அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவர். அவர்கள் ஊரில் ஒரு சலவைக்கல் பலகை உண்டாம். 1914-1919 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பல ஊர்களில் இருக்கும் அதே வாசகம்தான். கல்லில் இல்லாத பெயரைக் குடும்பம் வைத்திருந்தது. பாட்டியின் தம்பிக்கு அந்தப் பெயர், பிறகு இவனுடைய சித்தப்பாவுக்கு, இப்போது இவன் மகனுக்கு. வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர்தான் என்றாலும் பள்ளிச் சான்றிதழில் அதுதான் இருக்கிறது.

பட்டியல் முடியும் தறுவாயில் அவனும் நானும் தேடிப் பார்த்தோம். அந்தப் பெயரை ஒரு வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் கேட்டிருப்பான் என்று யோசித்து யோசித்து அடித்தோம். ஒன்பதாவது முறை கிடைத்தது. மூன்று பேர். மூவரும் ஒரே படைப்பிரிவு. தகப்பன் பெயரும் ஊரும் மூவருக்குமே இல்லை.

"எவர்னு தெரியலையே?" என்றேன்.

"பரவாயில்லண்ணே. மூணையும் கொண்டுபோறேன். பாட்டி பாத்துக்கட்டும்."

எங்கள் தளத்தில் காகிதம், பேனா, கைபேசி எதற்கும் அனுமதி கிடையாது. மூன்று சிப்பாய் எண்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அவன் வாசல்வரை போனான். வழியில் காவலாளி ஏதோ கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினான்.