பனிமூட்டத்தில் டிஎஸ்எல்ஆர் வீடியோ: நீலகிரிக்கு ஏற்ற செட்டிங்ஸ்

தொட்டபெட்டாவில் மேகம் இறங்கியதும் எல்லோர் கையிலும் கேமரா வந்துவிடும். டிஎஸ்எல்ஆரின் தானியங்கி வசதிகள் மொத்தமாகத் தடுமாறுவதும் அந்த நேரத்தில்தான். எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு), நிறம், ஃபோகஸ், ஒலி ஆகிய நான்கையும் ஆட்டோவில் விட்டால் நான்கும் கெடும். நாமே கையில் எடுத்துக்கொண்டால், 2011இல் வந்த கேனான் 600டி கூட இந்த மலையை நன்றாகப் பதிவு செய்யும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 550டியில் ஒலி அளவை நாமே வைக்கும் வசதி கிடையாது, 600டியில் உண்டு. மலைக்காற்றில் அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே 600டியை வாங்கலாம்.

முதலில், எங்கே போனாலும் மாறாதவை. எக்ஸ்போஷர் மேனுவலில் இருக்கட்டும். வீடியோ சிஸ்டம் பால் (PAL), நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு அதோடு ஒத்துப்போகும். 30 ஃபிரேமும் 1/60உம் வைத்தால் டீக்கடை ட்யூப்லைட் படத்தில் விட்டுவிட்டுத் துடிக்கும். வெயில் அதிகம் என்று ஷட்டரை 1/500க்கு ஏற்றினால், கொழுந்து பறிப்பவரின் கை வெட்டி வெட்டி நகரும். அருவியும் தண்ணீராக வழியாமல் துளித்துளியாகச் சிதறித் தெரியும். 50 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் 1/100 வையுங்கள்.

ஷட்டரைப் பூட்டிவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்க, லென்ஸ் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர்தான் வழி. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப்/22 கேட்கும். அவ்வளவு மூடினால் கூர்மை போய்விடும், சென்சாரில் இருக்கிற தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். எஃப்/8 வேண்டுமென்றால் மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைய வேண்டும், அதற்கு என்டி8. எஃப்/4 வேண்டுமென்றால் ஐந்து ஸ்டாப், என்டி32. திருகி அளவை மாற்றும் வேரியபிள் என்டி ஒன்று வைத்திருந்தால் வசதிதான். ஆனால் அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் அதைக் கடைசிவரை திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும். அந்த எல்லைக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி பனிமூட்டம். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் ஆக்கவே முயலும். வெள்ளைப் பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். அதனால் மீட்டர் பூஜ்யம் காட்டும் இடத்திலிருந்து முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள். ஹிஸ்டோகிராமை (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பார்த்துச் செய்வது இன்னும் நம்பகமானது: பனியில் அது ஒரே குறுகிய மேடாக நிற்கும். அந்த மேடு இடமிருந்து முக்கால் பங்கு தூரத்தில் இருக்க வேண்டும், வலது சுவரைத் தொடக் கூடாது. பனிக்கு முன்னால் கருமந்தி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதன் ரோமம் தெரிய வேண்டும் என்று மேலும் திறந்தால் பின்னணி வெளுத்து அழியும். கருமந்திக்கு நிழலுருவே அழகு. பனிக்கே எக்ஸ்போஷர் வைப்பதுதான் சரி.

பனியில் எடுத்த வீடியோவில் அதிகம் கேட்கப்படும் புகார், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்பது. இதற்குப் பேண்டிங் என்று பெயர். காரணம் தெரிந்தால் தவிர்ப்பது எளிது. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்கள் வீடியோவை 8 பிட்டில் எழுதுகின்றன. கறுப்பிலிருந்து வெள்ளைவரை மொத்தம் 256 படிகள். பனிமூட்டக் காட்சியில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வெளிச்சம் மிக மெதுவாக மாறும், அதற்கு 40 படி கிடைத்தால் அதிகம். 1920 பிக்சல் அகலத்தில் 40 படி என்றால் ஒவ்வொரு படியும் 48 பிக்சல் அகலப் பட்டை. எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டை ஏற்றும்போது படிகளுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதாகி, பட்டை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இங்கேதான், எங்கும் சொல்லித்தரப்படும் ஓர் ஆலோசனை மலையில் தவறாகிறது. வீடியோவுக்கு ஃபிளாட் ப்ரொஃபைல் வை, கான்ட்ராஸ்டைக் கடைசிவரை குறை என்பார்கள். உச்சி வெயிலில் அது பொருந்தும். பனியிலோ காட்சியே ஏற்கனவே தட்டையாக இருக்கிறது. அதை மேலும் தட்டையாக்கினால் கிடைக்கிற 40 படியும் 25 ஆகும். பனியில் நியூட்ரல் பிக்சர் ஸ்டைலில் கான்ட்ராஸ்டை நடுவிலேயே விடுங்கள். ஷார்ப்னஸை மட்டும் பூஜ்யமாக்குங்கள். ஐஎஸ்ஓவை 100இல் வைக்காமல் 200 அல்லது 400 வைத்தால், அதில் வரும் மெல்லிய இரைச்சலே (படத்தில் மினுக்கும் பொடிப்புள்ளிகள்) பட்டைகளின் விளிம்பைக் கரைத்துவிடும். இரைச்சல் நன்மை செய்யும் அரிய இடம் இது. எடிட்டிங் முடிந்தபின் கொஞ்சம் கிரெயின் (செயற்கைப் பொடிப்புள்ளிகள்) சேர்ப்பதும் இதற்காகத்தான். யூடியூப் தன் பங்குக்கு மறுபடி அழுத்தி பட்டையைக் கொண்டுவரும். 1080 வீடியோவை 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் அதிக பிட்ரேட் (நொடிக்கான தரவு அளவு) கிடைத்து அது குறையும்.

ஃபிரேமை அமைப்பதிலும் பாதிப் பிரச்சினை தீரும். வெறும் பனியை மட்டும் எடுத்தால் பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை. முன்னால் ஒரு சில்வர் ஓக் தண்டு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் மங்கலாக ஒரு வரிசை என்று அடுக்கினால்தான் பனியின் ஆழம் தெரியும். தூரத்திலிருந்து, கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் இடையில் இருக்கும் பனி முழுவதும் படத்துக்குள் வந்துவிடும்; வைட் லென்ஸ் போட்டுக்கொண்டு பொருளுக்குப் பக்கத்தில் போங்கள்.

ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஆட்டோவில் இருந்தால் மேகம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் நிறம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஊசலாடும். ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறினால் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. திறந்தவெளிக்கு 5600 கெல்வின் (கெல்வின் எண் வைக்க முடியாத 600டி போன்ற பாடியில் டேலைட்) என்று பூட்டிவிடுங்கள். சோலைக்குள் நுழைந்தால் 6500 முதல் 7000 (அல்லது ஷேட்). அங்கே இலைகள் வடிகட்டிய வெளிச்சம் முகத்தில் பச்சை பூசும். ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்டில் மெஜென்டா பக்கம் இரண்டு மூன்று புள்ளி நகர்த்தினால் தோல் நிறம் திரும்பும். சோலைக்குள் வெளிச்சமும் குறைவு: எஃப்/2.8, ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை தேவைப்படும். என்டி ஃபில்டரைக் கழற்ற மறக்காதீர்கள்.

டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே போய்விடும். அதனால் 600டி போன்ற பழைய பாடிகள் கான்ட்ராஸ்டைத் தேடித்தான் ஃபோகஸ் செய்கின்றன, பனியில் கான்ட்ராஸ்டே கிடையாது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அந்த மோட்டார் சத்தமும் பதிவாகும். 2013இல் வந்த 70டியின் டூயல் பிக்சல் முறை எவ்வளவோ மேல், அடர்பனியில் அதுவும் திணறும். லென்ஸை எம்எஃப்க்கு (மேனுவல் ஃபோகஸ்) மாற்றி, லைவ் வியூவில் (பின்திரைக் காட்சி) பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு மரத்தண்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பிறகு ரெக்கார்டை அழுத்துங்கள். நடந்துகொண்டே எடுப்பதானால் ஒரு கணக்கு உதவும்: ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பாடி (600டி, 70டி இரண்டும் அதுதான்), 24 மிமீ, எஃப்/8 என்றால் நான்கு மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் போதும், இரண்டு மீட்டரிலிருந்து எதிர்மலை வரை தெளிவாக இருக்கும்.

வெயிலும் மேகமும் மாறிமாறி வரும் நாளில் எக்ஸ்போஷரைத் துரத்த வேண்டாம். வெயிலுக்கு வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். மேகநிழல் தேயிலைச் சரிவில் ஊர்ந்து போகும்போது படம் இருளட்டும். மலையில் இருப்பவர்கள் தினமும் பார்ப்பது அதைத்தான். ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் அந்த நிழலை அழித்து, பதிலுக்கு வெளிச்சம் படிப்படியாகக் குதிப்பதைக் காட்டும்.

தேயிலைத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது மோயர் (நெருங்கிய கோடுகள் படத்தில் நெளிவது) பற்றியும் சொல்ல வேண்டும். 18 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து 1080 வீடியோ எடுக்க, பழைய பாடிகள் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கின்றன. நெருங்கிய கோடுகள் உள்ள எதுவும் இதில் வானவில் நிறத்தில் நெளியும். தூரத்துத் தேயிலை வரிசை, குன்னூர் வீடுகளின் நெளிதகரக் கூரை, ஓட்டுக் கூரை என்று மலையில் இதற்குக் குறைவே இல்லை. எடிட்டிங்கில் இது போகாது. எடுக்கும்போதே லென்ஸைக் கொஞ்சம் வைட் ஆக்கியோ டெலி ஆக்கியோ கோடுகளின் அளவை மாற்றுங்கள், அல்லது அபெர்ச்சரைத் திறந்து கூரையை ஃபோகஸுக்கு வெளியே தள்ளுங்கள்.

மலை ரயில் தனிக்கதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். எஞ்சின் படத்தில் வேண்டுமென்றால் பின்பெட்டியில் இடம் பிடியுங்கள். பல்சக்கர அதிர்வு ஜன்னல் சட்டத்தில் நேராக வரும். கேமராவை அதில் சாய்த்தால் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் படம் முழுவதும் தளும்பும். இரு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு சேர்த்து, 18 முதல் 24 மிமீக்குள், லென்ஸின் ஸ்டெபிலைசரை (நடுக்கம் குறைக்கும் வசதி) ஆன் செய்து எடுங்கள். பக்கத்து மரங்கள் சாய்ந்து ஓடும், அதைத் தடுக்க முடியாது. பார்வையைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்புங்கள். ஸ்டேஷனில் ட்ரைபாட் விரிக்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் விசிலில் ஆட்டோ ஒலி தோற்றுவிடும். விசில் கேட்டதும் அளவைச் சட்டென்று குறைக்கும், பிறகு மெதுவாக ஏற்றும். அந்த இடைவெளியில் எல்லாச் சத்தமும் அமுங்கிப்போகும். அமைதியான சோலையிலோ அதுவே எதிர்த்திசையில் வேலை செய்து, நீலகிரிச் சிரிப்பான் பறவை கூப்பிடும் இடைவெளிகளில் இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும். மேனுவலில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தொடுமாறு வையுங்கள், விசிலுக்கு முன்பே இன்னும் பத்து டெசிபெல் இறக்குங்கள். கேமராவின் உள்மைக் அடையாள ஒலிக்கு மட்டும் போதும். சிறிய ரெக்கார்டர் ஒன்றில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஷாட்டின் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்திவிடலாம். மைக்குக்கு ரோமம் வைத்த உறை கட்டாயம். மலைமுகட்டுக் காற்றுக்குப் பஞ்சு உறை தாங்காது. அதே காற்றில் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பையை அதில் தொங்கவிடுங்கள், கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். படபடக்கும் பட்டைதான் பல நேரம் படத்தை நடுக்குகிறது. ட்ரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசரை அணையுங்கள்.

மழை உறையை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், சாரல் தொடங்கியபின் கடையில் கேரிபேக் வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

உறைபனி எடுக்க டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் போவார்கள். வெயில் புல்லைத் தொட்ட சிறிது நேரத்தில் எல்லாம் உருகிவிடும், ஆகவே விடியும் முன் ட்ரைபாட் நின்றிருக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரிகளை ஸ்வெட்டருக்குள் உடலோடு ஒட்டி வையுங்கள். தீர்ந்ததாகக் காட்டியதையும் உள்ளே வைத்துச் சூடேற்றினால் இன்னும் சில நிமிடம் தரும். 1080இல் 4 ஜிபி என்பது சுமார் 12 நிமிடம், 32 ஜிபி கார்டில் ஒன்றரை மணி நேரம். கிளாஸ் 10 கார்டு போதும்.

குளிர்ந்த கேமராவோடு நேராக டீக்கடை அடுப்பங்கரைக்குள் போனால் லென்ஸுக்குள்ளும் வியர்க்கும். வெளியில் இருக்கும்போதே கெட்டியான ஜிப் பைக்குள் போட்டு மூடி, உள்ளே வந்தபின் அரைமணி நேரம் திறக்காமல் வையுங்கள். ஈரம் பைமேல் படியும். மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் இதே பிரச்சினை, ஏசி காரில் வந்தால் கூடுதலாக. லென்ஸ் மாற்றுவதைக் கீழே போய்ச் சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

இங்கேயே குடியிருப்பவர்களுக்கு லென்ஸில் பிடிக்கும் ஃபங்கஸ்தான் (பூஞ்சை) பெரிய எதிரி. தோல் உறையில் லென்ஸை வைக்கவே வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பா, அதனுள் ஒரு சிறிய ஈரப்பத மானி, ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல். மானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 60ஐத் தாண்டினால், பெரும்பாலும் நிறமும் மாறியிருக்கும், ஜெல்லை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்குப் பிறகும் இதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.