மணி என்ன தம்பி?

தனிமைப் பாட்டு ஒண்ணு வேணும்னு யாராவது கேட்டா இன்னிக்கும் எனக்கு மொதல்ல பயந்தான் வரும். காதல் பாட்டுன்னா எதிர்ல ஒரு ஆள் இருக்கு, தாலாட்டுன்னா தொட்டில்ல குழந்த இருக்கு, இதுல யாருமே இல்ல, யாரப் பாத்துப் பாடுறதுன்னே தெரியாம நோட்ட விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்கணும்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு மியூசிக் டைரக்டர் வாட்ஸப்புல ட்யூன் அனுப்பினாரு. தன்னன நானான்னு அவரே பாடின தத்தகாரம், சிச்சுவேஷன் ஒரே வரி: சென்னைக்கு வேலைக்கு வந்த பையன், ரூம்ல தனியா கெடக்கான். மறுநாள் காலைலயே அஞ்சு பல்லவி குடுத்துட்டேன். அஞ்சுலயும் நிலா, ரெண்டுல பாலைவனம், ஒண்ணுல கரையில்லாத கடல். எல்லாத்துலயும் தனிமைங்கற வார்த்த இருந்துச்சு. பாட்டு எழுதுறவனுக்கு அது ரொம்ப வசதியான வார்த்தங்க, ஒரு வரி தனிமைன்னு முடிஞ்சா அடுத்த வரிக்கு கொடுமை, வெறுமை, இனிமைன்னு தானா வந்து நிக்கும், நாம எதையும் யோசிக்கவே வேண்டாம். அவரு படிச்சுட்டு, "எல்லாம் மீட்டர்ல கரெக்டா உக்காருது பாஸ், ஆனா அந்தப் பையனக் காணோமே"ன்னாரு. கோவமா வந்துச்சு. ராத்திரி படுத்தப்புறந்தான் அவரு சொன்னது உறைச்சுது.

அப்பதான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தாரு. நான் மெட்ராஸ் வந்த புதுசுல திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன்ல இருந்தேன், கட்டில் போட்டா மிச்சம் ஒரு ஆள் நடக்கற அளவுதான் ரூமு. பக்கத்து ரூம்ல அவரு, ஏதோ அச்சகத்துல ப்ரூஃப் பாத்துட்டு இருந்தாரு. தினம் ராத்திரி பத்து மணி வாக்குல வேட்டிய அலசி வராண்டா கொடில போட்டுட்டு என் கதவுகிட்ட வந்து நிப்பாரு. "மணி என்ன தம்பி?" "பத்தஞ்சு சார்." "சரி சரி." அவ்ளோதான், போயிடுவாரு. ஆனா அவரு கைல வாட்ச் இருக்கும். ஓடுற வாட்சுதான், கறுப்பு ஸ்ட்ராப்பு, வேட்டி பிழிஞ்ச தண்ணி கண்ணாடி மேல சொட்டா நிக்கும், அதக் கட்டவிரலால தொடச்சுக்கிட்டேதான் என்னக் கேப்பாரு.

பல்லவி அதுலேர்ந்துதான் வந்துச்சு. கையில கெடிகாரம் ஓடுது, ஆனாலும் மணி என்னன்னு கேக்குறேன். நிலா எல்லாம் போயிடுச்சு. அந்தக் கேள்விக்கப்புறம் ட்யூன்ல ஒரு பார், அதாவது ஒரு தாள அளவு, காலியா விடுங்கன்னு கேட்டேன், பதில் வராத அளவுக்கு. விட்டாரு. அப்புறம் படத் தரப்புல அங்க கோரஸ் போட்டா நல்லாருக்கும்னாங்க, ரெண்டு நாள் சண்டை. அந்தக் காலி எடந்தான் பாட்டு, அதுல நாலு பேர் சேந்து பாடினா அவனுக்குத் தொணை வந்துடுது இல்லையா? கடைசில விட்டுட்டாங்க.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்ல. குறுந்தொகைல 6ஆம் பாட்டு, பதுமனார் எழுதினது, நாலே அடி. நடுராத்திரி, ஊரே பேச்சடங்கிப் படுத்தாச்சு, உலகமே தூங்குது, நான் ஒருத்திதான் தூங்கல. தனிமைன்னு ஒரு வார்த்த கெடையாது அதுல. தொல்காப்பியத்துல இன்னொண்ணு இருக்கு, "புலம்பே தனிமை"ன்னு. நாம இன்னிக்கு யாராவது பொலம்பினா அலுத்துக்கறோம், அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தமே தனியா இருக்கறதுதான். இதப் படிச்ச அன்னிக்கு ரொம்ப நேரம் அடுத்த பக்கம் திருப்பவே முடியல.

ஏகாந்தம் வேற. ஔவையார் பேர்ல வழங்குற தனிப்பாட்டுல இனிது இனிது ஏகாந்தம் இனிதுன்னு வரும். பாடிப் பாத்தா சத்தத்துலயே வித்தியாசம் தெரியும், ஏகாந்தம்னா நெடில்ல நிதானமா ஆரம்பிச்சு ம்-னு ஒதடு மூடி அமைதியாயிடும், தனிமைல அப்படி ஒரு எறங்குற எடமே இல்ல. ஏகாந்தத்துக்கு ஒரு பாட்டு எழுதணும்னு ஆசை, இதுவரைக்கும் யாரும் அந்த சிச்சுவேஷன் குடுக்கல. தனியா இருக்கறவன்னா அழணும்னுதான் கேக்குறாங்க.

அந்தப் பாட்டு வந்தப்புறம் நெறையப் பேர் கூப்ட்டாங்க, ராத்திரி ஷிஃப்ட் வேல பாக்குற ஒரு பையன் போன்லயே அழுதான். எனக்கு அந்தப் பெரியவரத் தேடிப் போகணும்னு தோணுச்சு, போனேன், ரூம்ல வேற யாரோ இருந்தாங்க. கிட்டத்தட்ட எட்டு மாசம் பக்கத்துப் பக்கத்து ரூம்ல இருந்திருக்கோம். தெனமும் மணி மட்டுந்தான் சொல்லிருக்கேன், உள்ள வாங்க சார், உக்காருங்கன்னு ஒரு நாள் கூட சொன்னதில்ல.