குளிர்ந்து கிடந்த இரண்டு ரேடியேட்டர்கள்

வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சும் பாய்லரை மே மாதம் அணைத்திருந்தோம். அதை அக்டோபர் குளிருக்காக மீண்டும் இயக்கியபோது, லண்டனில் நாங்கள் வசிக்கும் வீட்டில், அந்த வெந்நீர் உள்ளே ஓடி அறைகளைச் சூடாக்கும் எட்டு ரேடியேட்டர்களில் ஆறு சூடேறின; மாடிப் படுக்கையறையிலும் வாசல் கூடத்திலும் இருந்தவை மட்டும் சரியாகச் சூடாகவில்லை. ஆறு சூடேறிவிட்டதால் பாய்லர் மீது பழிபோட வழியில்லை.

இத்தகைய நேரத்தில் ரேடியேட்டரை மேலிருந்து கீழாகக் கையால் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அடியில் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது. முழுவதும் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் வெந்நீர் உள்ளே நுழையவே இல்லை.

படுக்கையறையில் இருந்தது முதல் வகை. பாய்லரை நிறுத்தி, நீர் ஆறும்வரை காத்திருந்து, மேல் மூலையில் உள்ள திருகைச் சிறிய பித்தளைச் சாவியால் கால் சுற்றுத் திருப்பினேன். சீறிக்கொண்டு காற்று வெளியேறியதும், மை கரைத்தாற்போல் கறுத்த நீர் சொட்டியது. இரும்பு துருப்பிடிப்பதால் வரும் அந்தக் கறை கம்பளத்தில் பட்டால் எளிதில் போகாது என்பதால் பழந்துணியை முன்கூட்டியே விரித்திருந்தேன். காற்று போனபின் பாய்லரின் அழுத்தமானி 1 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கியிருந்தது; நீர் நிரப்பும் குழாயைத் திறந்து 1.3 வரை ஏற்றிய பிறகே பாய்லரை மீண்டும் இயக்கினேன். பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

கூடத்து ரேடியேட்டர்தான் என்னைச் சோதித்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்க வால்வின் மேல் இருக்கும் குமிழை உச்ச எண்ணான 5-இல் வைத்தும் உள்ளே செல்லும் குழாய் வால்வு வரை மட்டுமே சுட்டது. குமிழைக் கழற்றிப் பார்த்தால், அடியில் உள்ள மெல்லிய ஊசி உள்ளே அழுந்தியபடி இறுகிக் கிடந்தது. அறை வெப்பமானால் குமிழுக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ விரிந்து அந்த ஊசியை அழுத்தி வால்வை மூடும். குமிழைக் குறைந்த எண்ணில் விட்டுவிட்டோமானால் கோடை முழுவதும் ஊசி அப்படியே இருந்து ஒட்டிக்கொள்கிறது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்து நீர் பீறிடக்கூடும். ஆகவே வால்வின் பக்கவாட்டில் ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டி, ஊசியின் தலையைச் சிறிது அழுத்தி அழுத்தி விட்டேன். நான்காம் முறை அது மேலெழுந்தது. உடனே குழாயில் நீர் ஓடும் சலசலப்பும் கேட்டது.

வரும் மே மாதம் பாய்லரை அணைக்கும்போது எல்லாக் குமிழ்களையும் 5-இல் திறந்தே வைப்பதாக இருக்கிறேன். கறுத்த நீரைக் கண்டபின், துருத்தடுப்பு மருந்து ஒரு லிட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன்.