பூட்டிய அறைகளை அளப்பது

பழைய வீடுகளை அளந்து ஆவணமாக்கும் தொழிலுக்கு வந்த புதிதில் டேப்பும் தூக்குக்குண்டும்தான். இப்போது லேசர் ஸ்கேனர், ட்ரோன். ஆனாலும் செட்டிநாட்டு வீட்டை அளக்கப் போனால் முதலில் வம்பு செய்வது கண்ணாடி. முகப்புக் கூடத்துப் பெரிய நிலைக்கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பும். கணினியில் பார்த்தால் சுவருக்கு அப்பால், இல்லாத ஒரு கூடம் தூண்களோடு முளைத்திருக்கும். முக்காலியை நிறுத்துமுன் பழைய வேட்டியால் மூடிவிடுகிறோம். அடுத்தது சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. புகைப்படங்களை இணைத்து முப்பரிமாணம் ஆக்கும் மென்பொருளுக்கு அடையாளமாக ஒரு கீறலாவது வேண்டும், அதுகூட இல்லை. கொத்தனார் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததற்கு நாங்கள் படும் பாடு!

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பூட்டைத்தான் முடியாது.

வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள், மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தவை. தலைமுறைகள் பெருகி, ஒரு சாவி சென்னையில், ஒன்று சிங்கப்பூரில். ஸ்கேனர் கண்ட இடமெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக விழும். காணாத அறை கறுப்புக் கட்டமாக நிற்கும். வெளிச்சுவரையும் கூரையையும் ட்ரோனில் எடுத்து, உள்ளே இவ்வளவு அகலம் இருக்கும் என்று கழித்துச் சொல்லலாம். உத்தரத்தைக் கறையான் அரித்ததா, மெட்ராஸ் டெரஸ் என்னும் செங்கல்-சுண்ணாம்புத் தளம் தொய்ந்ததா என்று சொல்ல முடியாது. நான் பார்த்தவரை வீடு சரியத் தொடங்குவதே அந்த அறைகளில்தான். ஓடு நகர்ந்து மழை இறங்கினால் பார்க்க ஆளில்லை.

ஆகவே எங்கள் தேதியைக் குறிப்பது கல்யாணமும், முன்னோரை வணங்கும் படைப்பும். பங்காளிகள் கூடினால்தான் கதவுகள் திறக்கும். குறுக்கே ஓடும் பிள்ளைகள் புள்ளிகளுக்கு நடுவே கோடுகோடாக விழுவார்கள். பிறகு உட்கார்ந்து அழிக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் ஓர் ஆச்சி கேட்டார்: "இந்த மிஷினு சாமான் கணக்கும் எடுக்குமா தம்பி?"

நியாயமான பயம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இந்த வீடுகளின் தூண்களும் கதவு நிலைகளும்தான் நிற்கின்றன. உள்கதவின் செதுக்கல்வரை காட்டும் கோப்பு வியாபாரி கைக்குப் போனால் அதுவே விலைப்பட்டியல். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருப்பவை, ஆவணம் பொதுவில் இருக்கட்டும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. தெருவமைப்பு, மழைநீர் வடிகால் மட்டும் என்றால் எனக்கும் சம்மதம். அதற்குமேல், அந்த வீட்டுப் பங்கு முறையையே பின்பற்றுகிறேன்: வளவின் கோப்பு எல்லாப் பங்காளிகளுக்கும், அறையின் கோப்பு சாவிக்காரருக்கு மட்டும்.